பழகிய கைக்குப் புதிய வெட்டு

இரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பது பார்வைக்கு எளிய வேலை. கத்தியைப் பட்டையில் வைத்துச் சாய்வாக இழுத்தால் போதும். பால் கசிந்து, வெட்டுக் கோட்டில் ஓடி, மங்கில் சொட்டும். ஆனால், அந்த இழுப்புக்குள் அடங்கியிருக்கும் கணக்கு நுட்பமானது. பட்டைக்கும் மரக்கட்டைக்கும் இடையே ‘கேம்பியம்’ எனும் மெல்லிய வளர்படலம் இருக்கிறது. பால் குழாய்கள் அந்தப் படலத்தை ஒட்டியே மிகுதியாக உள்ளன. ஆகவே, கத்தி அதை நெருங்க வேண்டும், ஆனால், தொடக்கூடாது. இடையில் விட்டுவைக்க வேண்டிய பட்டையின் அளவு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். அதைத் தாண்டினால் மரத்தில் காயம் விழும். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தை மறுபடியும் வெட்ட வரும்போது கத்தி அங்கு ஓடாது.

நெகிரி செம்பிலானில் போர்ட்டிக்சன், ரந்தாவ், லாபு, பகாவ் வட்டாரத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் இந்தக் கணக்கைப் புத்தகத்தில் படிக்கவில்லை, கையால் கற்றார்கள். விடியும் முன்பே பெரட்டுக்குப் போய், பெயர் கொடுத்துவிட்டுத் தத்தம் நிரைக்குச் செல்வார்கள். வெயில் ஏறுவதற்கு முன் மரத்தில் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும் என்பதால்தான் இந்த அவசரம். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மரங்கள். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடக்கும் நேரத்தையும் சேர்த்து, மரத்துக்கு அரை நிமிடம் கிடைத்தால் பெரிது. பால் குழாய்கள் நேர்செங்குத்தாக இல்லாமல் சற்றே சாய்ந்து செல்கின்றன. அதனால், வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்தும் வலப்பக்கம் தாழ்ந்தும் ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் கோடு ஒன்றரை மில்லிமீட்டர் அளவு கீழே இறங்கும். இதையே இருபது ஆண்டுகள் செய்தவருக்குக் கண்ணை விடக் கைக்குத்தான் வேலை நன்றாகத் தெரியும்.

மரத்துக்கு வயதாகும்போது சிக்கல் தொடங்குகிறது. அடிப்பகுதிப் பட்டையை இருபுறமும் வெட்டி முடித்து, வளர்ந்த புதுப்பட்டையையும் வெட்டிய பின்னர், மிச்சமிருப்பது ஆள் உயரத்துக்கு மேலுள்ள பட்டைதான். அதில் பால் உண்டு, கைதான் எட்டாது. ஆகவே, ஏணி வைத்து வெட்டினார்கள். மரத்துக்கு மரம் ஏணியைத் தூக்கிச் சென்று, சாய்த்து, ஏறி, வெட்டி, இறங்கி, மீண்டும் தூக்க வேண்டும். மழைக்காலத்தில் சரிவான நிலத்தில் இது எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. வெட்டுக்காரர்களில் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

1925ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இதற்கு மாற்று வழிகளை ஆராய்ந்தது. 1970களில் ‘எத்திஃபோன்’ எனும் ஊக்கி மருந்து தோட்டங்களுக்கு வந்தது. வெட்டுக்கோட்டை ஒட்டிப் பூசினால் அது மரத்துக்குள் எத்திலீன் வாயுவை வெளியிடும். அதனால் பால் குழாய்களின் வாய் விரைவில் அடைபடாமல், பால் நெடுநேரம் வடியும். அளவுக்கு மீறிப் பூசினால் மரம் பால் வற்றிப் போகும் அபாயமும் உண்டு. இந்த மருந்தோடு இணைந்து, நீண்ட பிடியுள்ள உளியால் தரையில் நின்றபடியே வெட்டும் ‘மேல்நோக்கு வெட்டு’ முறை 1980களில் பரவியது. ஏணி தேவையில்லை. வெட்டுக்கோடும் மரச்சுற்றளவில் கால் பங்கு இருந்தால் போதும்.

நல்ல செய்திதான். ஆனால், அந்த உளியை முதன்முதலில் கையில் பிடித்தவர்கள் புதியவர்கள் அல்லர். பல்லாண்டு அனுபவம் உள்ளவர்கள். அனுபவமே அவர்களுக்குக் குறுக்கே நின்றது. பழைய ஜெபோங் கத்தியை இழுத்து வெட்ட வேண்டும். புதிய உளியைத் தள்ளி வெட்ட வேண்டும். பழைய கோடு நாளுக்கு நாள் கீழே இறங்கும். புதிய கோடு மேலே ஏறும். கீழ்நோக்கு வெட்டில், கோட்டின் அடியில் இருக்கும் பட்டை ஒரு திண்ணையைப் போலப் பாலைத் தாங்கிக் கொள்ளும். மேல்நோக்கு வெட்டிலோ கோட்டுக்கு அடியில் உள்ள பகுதி ஏற்கெனவே சீவப்பட்டுவிட்டது. பாலைத் தாங்க அங்கு எதுவும் இல்லை. சாய்வு 45 பாகை அளவுக்குச் செங்குத்தாக இருந்தால்தான் பால் கோட்டை விட்டு வழியாமல் ஓடும். முப்பது பாகைக்குப் பழகிய கை, தன்னையறியாமல் முப்பதுக்கே திரும்பும். பால் மரத்தில் வழிந்து வீணாகும்.

இன்னொன்றும் உண்டு. கத்தி முனையை முகத்துக்கு அருகில் வைத்து வேலை செய்தவர், இப்போது அண்ணாந்து பார்த்து, தலைக்கு மேலே இருக்கும் முனையால் ஒரு மில்லிமீட்டரைக் கணிக்க வேண்டும். விளக்கப்படம் காட்டியோ அரைமணி நேரம் பேசியோ இதைக் கற்றுக் கொடுத்துவிட முடியாது. அதனால்தான் தோட்டங்களில் பால்வெட்டுப் பயிற்சிக்கு மறுநடவுக்காக வெட்டிச் சாய்க்கப்பட இருக்கும் கிழட்டு மரங்களைப் பயன்படுத்துவது வழக்கம். அங்கே காயம் விழுந்தால் யாருக்கும் நட்டமில்லை. ‘இழுக்காதீங்க அக்கா, தள்ளுங்க’ என்று பயிற்றுநர் சொல்வார். ‘தெரியுது தம்பி, கைதான் கேட்க மாட்டேங்குது’ என்று பதில் வரும். இந்தப் பதிலில் சோம்பலும் இல்லை, பிடிவாதமும் இல்லை. கற்றலின் உண்மையான சிக்கல் அதில் இருக்கிறது.

அனுபவசாலிக்குக் கற்றுக் கொடுப்பது கடினம் என்று சொல்வதுண்டு. அது பாதி உண்மைதான். பட்டையின் ஆழம், பால் வற்றிய மரத்தின் அறிகுறி, மழை நாளில் என்ன செய்வது ஆகியவை அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவற்றை மீண்டும் முதலிலிருந்து சொல்லிக் கொண்டிருந்தால் அவருக்குச் சலிப்பு ஏற்படும், அவமானமாகவும் இருக்கும். எவை மாறியுள்ளன என்று பிரித்தெடுத்து, அவற்றை மட்டும் கை பழகும் வரை செய்ய வைப்பதே நல்ல பயிற்சி. கூலியையும் மறக்கக்கூடாது. வெட்டுக்காரரின் வருமானம் அவர் கொண்டுவரும் பாலின் எடையையும் பொறுத்தது. கை தடுமாறும் நாள்களில் வாளி நிரம்பாது. புதிய முறை நல்லதென்று தெரிந்தும் ஒருவர் தயங்கினால், வீட்டுச் செலவை நினைத்துத்தான் தயங்குகிறார்.

நெகிரி செம்பிலான் எல்லையைத் தாண்டிச் சற்று வடமேற்கே சென்றால் பிராங் பெசார் என்ற தோட்டம் இருந்தது. முதலாம் உலகப் போரில் பணியாற்றிய அதிகாரிகள் தொடங்கிய தோட்டம் அது. ‘பெரும் போர்’ என்பதே அந்தப் பெயரின் பொருள். ‘பிபி’ என்ற எழுத்துகளில் தொடங்கும் புகழ்பெற்ற இரப்பர் ஒட்டு வகைகள் அங்கிருந்து வந்தவை. அந்த நிலத்தில் இன்று புத்ராஜெயா நிற்கிறது. அதன் பக்கத்திலேயே, 1997இல் திறக்கப்பட்ட சைபர்ஜெயா. மென்பொருள் எழுதுவோர் பலர் அங்கே வேலை செய்கிறார்கள். அவர்களின் தொழிலிலும் இதே சிக்கல் உண்டு.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1998இல் வெளியிட்ட ‘விஷுவல் பேசிக் 6’ உலகெங்கும் நிரலர்கள் விரும்பிப் பயன்படுத்திய கருவி. 2002இல் அதற்கு அடுத்ததாக ‘விஷுவல் பேசிக் டாட் நெட்’ வந்தது. பெயர் ஏறத்தாழ அதே. உள்ளே நிறைய மாறியிருந்தது. எடுத்துக்காட்டாக, முழு எண்ணைக் குறிக்கும் ‘இன்டிஜர்’ என்ற சொல் பழைய கருவியில் 2 பைட்டு இடத்தைக் குறித்தது. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. புதியதில் அதே சொல் 4 பைட்டு இடத்தைக் குறித்தது. இரண்டு பில்லியனுக்கு மேற்பட்ட எண்ணும் அதில் அடங்கும். நல்ல மாற்றம்தானே என்று தோன்றலாம். ஆனால், பழைய நிரல் எழுதி வைத்த கோப்பைப் புதிய நிரல் திறக்கும்போது, இரண்டிரண்டாக எடுக்க வேண்டிய பைட்டுகளை நான்கு நான்காக எடுத்துப் பொருளற்ற எண்களைக் காட்டக்கூடும். அந்தச் சொல்லை அறியாத புதியவர் அதன் பொருளைத் தேடிப் பார்ப்பார். பத்தாண்டு அனுபவம் உள்ளவர் தேட மாட்டார். அவருடைய விரல் முன்பே அதைத் தட்டச்சு செய்திருக்கும். பழைய கருவியைக் கைவிடக்கூடாது என்று 2005இல் நூற்றுக்கும் மேற்பட்ட வல்லுநர்கள் அந்நிறுவனத்துக்கு மனு அனுப்பினார்கள். ஆயினும், 2008இல் அதற்கான ஆதரவு முடிவுக்கு வந்தது.

இத்தகையோருக்கான பயிற்சியில், தாங்கள் எழுதிய பழைய நிரலின் நகலைக் கொண்டுவந்து, புதிய கருவியில் திறந்து, உடைந்த இடங்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்வது பயன் தரும். அந்த நகல்தான் அவர்களின் கிழட்டு மரம். ஆனால், ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். நிரலர் பிழை செய்தால் முந்தைய நிலைக்குத் திரும்பிவிடலாம். சீவிய பட்டையை மரத்தில் மீண்டும் ஒட்ட முடியாது. அது வளர்ந்து வெட்டுக்குத் தயாராக ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். அதனால்தான் கிழட்டு மரங்களில் கை தேறி, வெட்டுக்காரர் தமது 500 மரங்களுக்குத் திரும்பிய பின்னரும் மேற்பார்வையாளர் உடனே விட்டுவிடுவதில்லை. முதல் சில வாரங்கள் நிரை நிரையாக நடந்து, கூரிய ஊசியால் பட்டையைக் குத்தி மிச்ச ஆழத்தை அளந்து, எந்த மரத்தில் எத்தனை காயம் என்று குறித்துக்கொண்டே செல்வார்.