களிமண்ணும் புள்ளியும்

எழுத்தறிவித்தல் எளிதென்றெண்ணியே நண்பர் நால்வர் யாம் சென்ற ஆண்டு சிற்றூர் மாலைப் பள்ளியொன்றிற்குச் சென்றோம். நன்னூலை நெட்டுருச் செய்த எமக்குச் சிறார்க்கு அரிச்சுவடி கற்பித்தல் ஒரு பொருட்டோ என்னும் செருக்கும் இருந்தது. ஒரு திங்களில் அஃது அடங்கிற்று. சிறார் 'க, ங, ச' எனப் பாடினர். பாட்டை நிறுத்தி ஓரெழுத்தைச் சுட்டினால் வாளா இருந்தனர். அவர் கற்றது எழுத்தன்று, வரிசையே.

மணலில் விரலால் எழுதுவித்தல் நம் திண்ணைப் பள்ளிகளின் பழவழக்கம். சென்னையில் பள்ளி நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார் அதனைக் கண்டு தம் பள்ளியிற் கைக்கொண்டு, 1797-இல் இலண்டனில் நூலும் வெளியிட்டார். 1907-இல் உரோமையில் சிறார் இல்லம் தொடங்கிய மாண்டிசோரி அம்மையாரும் உப்புத்தாள் எழுத்துக்களை விரலால் தடவுவித்தே ஒலியை உணர்த்தினார்.

யாம் குயவரிடம் களிமண் பெற்றோம். நெடுங்கணக்கு வரிசையை விடுத்து ப, ட, ம என்னும் மூன்றை முதலிற் கொண்டோம். மண்ணைத் திரித்து அமைத்தற்கு அவை எளியவை. சேர்ந்தால் ஒரு சொல்லும் ஆவன. பகர மகரங்களுக்கு இதழிரண்டும் பொருந்துதலையும், டகரத்திற்கு நாநுனி அண்ணத்தைத் தொடுதலையும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி அறியச் செய்தோம். தொல்காப்பியர் பிறப்பியலில் உரைத்ததும் இதுவே. தேர்விற்காகப் படித்த காலத்து எம் வாயை யாம் நோக்கினோமல்லோம்!

புள்ளிக்குப் புளியங்கொட்டை. மகரத்தின் தலைமேல் அதனை வைத்தால் 'படம்', எடுத்தால் 'படம'. டகரத்தின்மேல் மாற்றி வைத்தபோது எழுந்த ஒலியைக் கேட்டுச் சிறார் உருண்டு நகைத்தனர். மெய் புள்ளி பெறுதலும், அகரம் சேர்ந்தவழி அதனை இழத்தலும் நூற்பாவின்றியே விளங்கின. (ஒருவன் கொட்டையை மூக்கில் நுழைத்துக்கொண்டான், அன்றுமுதல் மண்ணுருண்டையே வைத்தோம்.)

மூன்று கிழமையாக வாய் திறவாத சிறுவனொருவன் இருந்தான். "இவனுக்கு எழுத்து ஏறாதுங்க, இனிமே அனுப்பமாட்டேன்" என்று அவன் அன்னை முன்னாளே கூறிச் சென்றிருந்தார். அன்று அவன் மற்றுமொரு டகரம் திரித்து, புள்ளியிட்டு, இடையிற் செருகி, "பட்டம்!" என்று கூவினான். அச்சொல்லை யாம் கற்பித்திலேம். "இதுல மட்டும் 'ட' ஏன் சார் அழுத்தமா வருது?" என்றும் வினவினான். உயிர்களின் இடையே தனித்து நின்ற டகரம் மெலிந்தும், இரட்டித்தது வலிந்தும் ஒலித்தலை அவன் செவி கண்டுகொண்டது. எழுத்தொன்றிற்கு ஒலியொன்றே என்பதுபோல அதுகாறும் கற்பித்துவந்த யாம் விடைகூறத் தடுமாறினோம்.

ஓட்டுச் சில்லொன்றின்மேல் அச்சொல்லை ஏந்தி அவன் வீடு சென்றான். மறுநாள் அன்னையும் உடன்வந்து, அவற்றுள் 'ட' எது என்று எம்மைக் கேட்டார்.