வாட்டம், காற்று, கை நுழையும் இடம்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மருத்துவமனையின் மூன்றாம் தளத்துக்கு ஏசி, மின்சாரம், குழாய் வேலை மூன்றையும் ரெவிட்டில் வரைந்து சேர்த்து, நேவிஸ்வொர்க்ஸில் ஓட்டிப் பார்த்து, கிளாஷ் எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் இது பெரிய காரியம்தான். உன் அம்மாவிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். ஆனால், ‘இனி இந்தத் தளத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லை சித்தி’ என்று முடித்திருந்தாயே, அந்த வரியைத்தான் என்னால் அப்படியே விட முடியவில்லை.

கிளாஷ் சோதனை பார்ப்பது ஒன்றே ஒன்று. ஒரு பொருள் இருக்கும் இடத்தில் இன்னொரு பொருளும் இருக்கிறதா? இத்தனை மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று நீ சொல்லிவைத்தால் அதையும் பார்க்கும். அதோடு சரி. கழிவுநீர்க் குழாயில் தண்ணீர் தானாக இறங்குமா, டக்ட்டின் கடைசி வாய்க்குக் காற்று போய்ச் சேருமா, ஏணி போட்டு ஏறும் பிளம்பரின் கை வால்வை எட்டுமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. உனக்குத் தெரிய வேண்டும். மாடலில் வரைகிற ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் ஓடுவது எது, அதை மாட்டப்போகிறவர் யார், பத்து வருடம் கழித்துக் கழற்றப்போகிறவர் யார் என்று கேட்டுக்கொண்டே வரை. இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவது இவ்வளவுதான்.

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் உயிரியல் ஆய்வுக் கட்டடத்தைப் பற்றி 2011இல் கட்டுமானப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. வடிவமைத்தவர்கள் மாடல் செய்து, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருந்த குறுகலான இடத்தில் எல்லாவற்றையும் அடக்கிவிட்டார்கள். ஆனால் எதை முதலில் மாட்டுவது, எதை அடுத்து மாட்டுவது என்ற வரிசை இம்மி பிசகக் கூடாது; அப்போதுதான் அடங்கும். அந்த வரிசையை ஒப்பந்தக்காரருக்கு யாரும் சொல்லவில்லை. ஏறக்குறைய 70 சதவீத வேலை முடிந்தபோது மேலே இடம் தீர்ந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் கட்டட உரிமையாளர்மேல் வழக்குப் போட, உரிமையாளர் கட்டடக் கலைஞர்மேல் போட, கடைசியில் பெருந்தொகை கொடுத்து நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. அங்கே மாடலில் கிளாஷ் இருக்கவில்லை என்பதைக் கவனி.

உன் காரிடாரையே கணக்குப் போடுவோம். தளத்துக்குத் தளம் 3900 மி.மீ. என்றும் பீமின் ஆழம் 600 என்றும் சீலிங் உயரம் 2700 என்றும் எழுதியிருக்கிறாய். பீமின் அடிக்கும் சீலிங்குக்கும் நடுவே 600 மிச்சம். சீலிங் சட்டம், விளக்கு இவற்றுக்கு 150 விட்டால் 450. உன் உலகம் முழுவதும் இந்த 450க்குள்தான்.

முதலில் எதை வரைந்தாய்? டக்ட்டை என்று ஊகிக்கிறேன். பெரியதாக இருக்கிறது, கண்ணை உறுத்துகிறது, அதனால் எல்லோரும் அதில்தான் தொடங்குவார்கள். நான் கழிவுநீர்க் குழாயில் தொடங்கச் சொல்வேன். டக்ட்டை வளைக்கலாம், அகலமாக்கித் தட்டையாக்கலாம். அழுத்தத்தில் ஓடும் தண்ணீர்க் குழாயை மேலே ஏற்றி இறக்கலாம். கழிவுநீர் மட்டும் வாட்டத்தை, அதாவது குழாயின் சரிவை, நம்பியே ஓடுகிறது. அதை ஒரு அங்குலம்கூட மேலே ஏற்ற முடியாது. நான்காம் தளத்துக் கழிப்பறையின் குழாய் உன் சீலிங்குக்கு மேலேதான் வருகிறது. அங்கிருந்து குழாய்கள் கீழே இறங்கும் ஷாஃப்ட்டுக்கு 12 மீட்டர். 1:60 வாட்டம் கொடுத்தால் போய்ச் சேரும்போது 200 மி.மீ. இறங்கியிருக்கும். குழாயின் விட்டம் 110. பீம்களுக்கு அடியில் போவதால் மொத்தம் 310 போய்விட்டது. மிச்சம் 140. இன்சுலேஷனோடு 350 உயரமுள்ள டக்ட் அந்தக் குழாயை எங்கே கடக்கும்?

நீ கிளாஷைப் பூஜ்யமாக்கிய விதத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. பலர் இந்த இடத்தில் குழாயை மட்டமாக்கிவிடுவார்கள். மாடல் ஒன்றும் சொல்லாது. தண்ணீரின் வேகம் விநாடிக்கு முக்கால் மீட்டருக்கு அருகிலாவது இருந்தால்தான் அது திடக்கழிவையும் இழுத்துக்கொண்டு போகும். வேகம் குறைந்தால் தண்ணீர் மட்டும் போய், மற்றது தங்கிவிடும். மருத்துவமனையில் அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாய் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. வாட்டத்தைத் தொடாதே. ஷாஃப்ட்டைக் கழிப்பறைக்குப் பக்கத்தில் கொண்டுவர முடியுமா என்று கட்டடக் கலைஞரிடம் இப்போதே கேள். 12 மீட்டர் 5 மீட்டரானால் இறக்கம் 83 மி.மீ.தான். சுவர் எழும்புவதற்கு முன்னால் கேட்டால் அது ஒரு மின்னஞ்சலோடு முடிகிற வேலை.

இன்னொன்றையும் பார்த்துவிடு. கிடையாகப் போகும் கழிவுநீர்க் குழாயில் கிளைக் குழாய் 45 பாகை சாய்வில், ஓட்டத்தின் திசையில் சேர வேண்டும். ரெவிட்டின் ரூட்டிங் அமைப்பில் நீ மாற்றாமல் விட்டால் சில டெம்ப்ளேட்டுகளில் நேரான டீதான் வந்து உட்காரும். பார்வைக்கு அழகாக இருக்கும். பிளம்பர் அதைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டுத் தன் வழக்கப்படி ‘ஒய்’ போடுவார். அதற்கு நீளம் கூடுதலாக வேண்டும். அங்கே உன் அளவு மாறிவிடும்.

அடுத்து ஏசிக்குப் போகும் சில்டு வாட்டர். நீ 150 என்று தேர்ந்தெடுக்கிற இரும்புக் குழாயின் வெளிவிட்டம் உண்மையில் 168.3 மி.மீ. சுற்றிலும் 50 மி.மீ. இன்சுலேஷன் என்றால் 268. ரெவிட்டில் இன்சுலேஷன் என்பது குழாய்மேல் தனியாகச் சேர்க்கும் பொருள். சோதனைக்குத் தேர்வு செய்யும்போது பலர் அதை விட்டுவிடுகிறார்கள். நீ சேர்த்தாயா? சென்னையில் இது விளையாட்டல்ல. குழாய்க்குள் ஓடுவது 7 டிகிரித் தண்ணீர். நம் காற்றின் ஈரத்துக்கு, வருடத்தில் பல நாள் 25 டிகிரிப் பரப்பிலேயே வியர்த்துவிடும். சைட்டில் இடம் போதாமல் ஒரு பக்கம் இன்சுலேஷனைச் செதுக்கி மாட்டினால், அந்த இடத்தில் சொட்டத் தொடங்கும். சீலிங் பலகை கறுக்கும், பூஞ்சை பிடிக்கும். குழாயைத் தாங்கும் இடத்திலும் இரும்பு கிளாம்ப் நேரே குழாயைத் தொடக் கூடாது. நடுவில் குளிர் கடத்தாத கட்டை வைத்து, கிளாம்ப் இன்சுலேஷனுக்கு வெளியே வர வேண்டும். ஆகவே தாங்கிகளையும் மாடலில் வரை. அவை இல்லாத மாடலில் இடம் தாராளமாக இருப்பதுபோலத் தெரியும்.

டக்ட்டில் உனக்கு ரெவிட் உண்மையிலேயே உதவும். அதை வெறும் வரைபலகையாக வைத்துக்கொண்டால் பாதி வீண். ஒவ்வொரு டிஃப்யூசருக்கும் காற்றின் அளவைக் கொடுத்து, கனெக்டர்களைச் சரியாகச் சேர்த்துவிட்டால் அது தானே கூட்டிக்கொண்டு போகும். உன் வரைபடத்தில் எட்டு டிஃப்யூசர்கள், ஒவ்வொன்றுக்கும் 250 சிஎஃப்எம். மெயின் டக்ட்டைத் தொட்டுப் பார்த்தால் 2000 காட்ட வேண்டும். 1750 காட்டினால் எங்கேயோ ஒன்று ஒட்டியதுபோல நிற்கிறது, சேரவில்லை. டக்ட்மேல் சுட்டியை வைத்து டேப் விசையைத் தட்டிக்கொண்டே வா. சேர்ந்திருப்பதெல்லாம் ஒவ்வொன்றாக ஒளிரும், அறுந்த இடத்தில் நின்றுவிடும். இணைப்பில்லாத முனைகளைக் காட்டவென்றே தனிக் கருவியும் இருக்கிறது. 2000 சிஎஃப்எம் என்பது விநாடிக்கு ஏறக்குறைய 0.94 கனமீட்டர். 600க்கு 300 டக்ட்டில் அது விநாடிக்கு 5.2 மீட்டர் வேகத்தில் போகும். பரவாயில்லை. இடம் போதவில்லை என்று நீ அதை 400க்கு 300 ஆக்கினால் வேகம் கிட்டத்தட்ட 8 மீட்டருக்கு ஏறும். இரவெல்லாம் நோயாளி அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார். கிளாஷ் சோதனைக்கு அதுவும் பூஜ்யம்தான்.

இந்த எண்களைக் கையாலும் ஒருமுறை போட்டுப் பார். மென்பொருள் சொல்வதை நம்புவதற்கு முன்னால், அது ஏறத்தாழ எவ்வளவு சொல்லும் என்று உன் மனத்தில் ஒரு விடை இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் நீ டிராஃப்ட்ஸ்மேன் அல்ல, இன்ஜினியர்.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேபிள் ட்ரே தண்ணீர்க் குழாய்க்கு மேலேயோ பக்கத்திலோ போகட்டும், அடியில் வேண்டாம். மேலே மூடினாற்போல் டக்ட்டை ஒட்டிவைத்தால் கேபிளை யார் எப்படி இழுத்துப் போடுவார்கள்? கனமான கேபிள் சட்டென்று திரும்பாது, ட்ரேயின் வளைவும் அதற்கேற்ப விரிய வேண்டும். ஸ்விட்ச்போர்டின் முன்னால் 1 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. பேனல் அறைக்கு மேலே தண்ணீர்க் குழாயைக் கொண்டு போகாதே.

இப்போது கைக்கு வருகிறேன். வால்வு, ஃபயர் டேம்பர், ஃபேன் காயிலின் ஃபில்டர், கண்டன்சேட் தட்டு எல்லாவற்றையும் ஒரு நாள் யாராவது தொட வேண்டும். ரெவிட்டில் அந்தக் கருவிகளுக்கு ஃபேமிலி செய்யும்போதே பராமரிப்பு இடத்தை ஊடுருவித் தெரியும் ஒரு பெட்டியாக அதனுள் வரைந்துவிடு. ஃபில்டர் எந்தப் பக்கம் உருவப்படும், எவ்வளவு நீளம் என்று தயாரிப்பாளரின் விவரத்தாளில் இருக்கும். அந்தப் பெட்டிக்குள் எந்தக் குழாய் நுழைந்தாலும் கிளாஷ் என்று வந்துவிடும். அப்படி வரைந்த பிறகு உன் எண்ணிக்கை மறுபடி நூற்றுக்கணக்கில் ஏறும். ஏறட்டும். அதுதான் உண்மையான எண்ணிக்கை. ஒரே டக்ட்டை நகர்த்தினால் அதில் பாதி மறைவதையும் பார்ப்பாய்.

மருத்துவமனையில் இன்னொரு கவனம். வால்வையும் ஃபில்டரையும் ஆபரேஷன் தியேட்டருக்கு மேலேயோ நோயாளியின் கட்டிலுக்கு மேலேயோ வைத்தால், ஒவ்வொரு முறை ட்ராப் டோரைத் திறக்கும்போதும் தூசி கீழே விழும்; அறையையே மூட வேண்டியிருக்கும். அவற்றைக் காரிடாருக்குத் தள்ளு.

அமெரிக்காவின் லா ஹோயாவில் சால்க் ஆய்வு நிலையம் இருக்கிறது. நம் அகமதாபாத் ஐஐஎம்மைக் கட்டிய லூயி கான்தான் அதையும் வடிவமைத்தார். 1965இல் கட்டி முடித்தார்கள். அங்கே ஒவ்வொரு ஆய்வகத் தளத்துக்கும் மேலே குழாய்களுக்கென்றே ஒரு முழுத் தளம், ஏறக்குறைய 9 அடி உயரம். பழுது பார்க்கிறவர் நிமிர்ந்து நடந்து போவார். கீழே ஆராய்ச்சி நடந்துகொண்டே இருக்கும். உனக்கு 9 அடி தர மாட்டார்கள். 450 மி.மீ.தான் தந்திருக்கிறார்கள். ஆனாலும் அங்கே மேலே நடப்பவரைப் பற்றி யோசித்ததுபோல, உன் ஏணியில் நிற்பவரைப் பற்றி நீ யோசிக்கலாம்.

கோப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. புதிய ரெவிட்டில் சேமித்ததைப் பழைய ரெவிட் திறக்காது. திட்டத்தில் இருக்கும் எல்லோரும் எந்த வருடப் பதிப்பு, எந்த ஆதிப்புள்ளி என்று முதல் நாளே எழுதி ஒத்துக்கொள்ள வேண்டும். ஏர்பஸ் ஏ380 விமானத்தில் ஹாம்பர்க் பொறியாளர்கள் கேட்டியா மென்பொருளின் ஒரு பதிப்பிலும் துலூஸ் பொறியாளர்கள் அடுத்த பதிப்பிலும் வேலை செய்தார்கள். விமானத்தின் உடலுக்குள் ஒயர் இழுக்கும்போது நீளம் போதவில்லை. 2006இல் அந்த விமானத்தின் விநியோகம் தள்ளிப்போனதற்கு அதுவும் பெரிய காரணம்.

உனக்கு இப்போது மிக அவசரமானது, கான்கிரீட்டில் குழாய் நுழைய வழிவிடும் ஸ்லீவ். கான்கிரீட் போடும் முன் சென்ட்ரிங்கில் வைக்க வேண்டியவை அவை. தேதி தவறினால் பிறகு கோர் கட்டிங்தான். போஸ்ட் டென்ஷன் ஸ்லாப் என்றால் உள்ளே இழுத்துக் கட்டிய கம்பி இருக்கிறது. அதை அறுத்தால் ஆளுக்கும் ஆபத்து, ஸ்லாபுக்கும் ஆபத்து. பீமில் துளை எங்கே வரலாம் என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் மட்டுமே சொல்ல வேண்டும். நீ கேட்டு, அவர் கையெழுத்தோடு வாங்கு. ஸ்லீவின் அளவைக் குழாயை வைத்து முடிவு செய்யாதே. 268 மி.மீ. ஆகிவிட்ட உன் சில்டு வாட்டருக்கு 300 வேண்டும்.

வெட்டுப்படத்தை அச்செடுத்துக்கொண்டு சைட்டுக்குப் போ. பிளம்பிங் மேஸ்திரியிடமும் டக்ட் மாட்டுகிறவரிடமும் காட்டி, “அண்ணா, நீங்க முதல்ல எதை மாட்டுவீங்க?” என்று கேள். அவர்கள் சொல்லும் வரிசையை வரைபடத்திலேயே எண் போட்டு எழுதிவிடு.

நான்காம் தள ஸ்லாபுக்குக் கான்கிரீட் என்றைக்கு என்று விசாரித்து எனக்கு எழுது. அதற்கு முன்னால் கழிப்பறையிலிருந்து ஷாஃப்ட் வரை ஒரு வெட்டுப்படம் எடுத்து, ஒவ்வொரு பீமுக்கு அடியிலும் குழாயின் அடிமட்டத்தைக் குறித்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சித்தி