குழாய் வழி உணவு: நம் பிள்ளைக்கு வேண்டுமா?



"பிள்ளை சாப்பிட்டானா?" நம் வீடுகளில் யார் வந்தாலும் முதலில் கேட்பது இதைத்தான். பிள்ளை மெலிந்திருந்தால் எல்லோர் பார்வையும் தாயின் பக்கம் திரும்பும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோயுள்ள பிள்ளையின் தாய் இந்தப் பார்வையைத் தினமும் சுமக்கிறார். ஒரு நாள் மருத்துவர், "வயிற்றில் குழாய் வைத்து உணவு கொடுக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள்" என்கிறார். "நீ ஊட்டியது போதவில்லை" என்றே அது அந்தத் தாயின் காதில் விழுகிறது. அந்த வீட்டில் நடக்க வேண்டிய மஷூராவுக்கு உதவியாக இந்தப் பாடம்.

1. நோய் என்ன செய்கிறது?

இது பிறவி நோய், தொற்றாது. தாய், தந்தை இருவரிடமும் பழுதான மரபணு ஒன்று இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு நோய் வரும். சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களில் வாய்ப்பு கூடும். இது வெள்ளைக்காரர்களின் நோய் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. நம் நாட்டு மருத்துவ இதழ்களில் 1968இலேயே பதிவாகியிருந்தும், இன்றும் பல பிள்ளைகளுக்கு முதலில் "பிரைமரி காம்ப்ளக்ஸ்" என்றுதான் மருந்து தரப்படுகிறது. வியர்வையில் குளோரைடு அளவு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்த நோய் என்று கொள்வார்கள். முத்தமிடும்போது உப்புக் கரிக்கிறது என்று தாய்மார்கள் சொல்வது இதனால்தான்.

இந்த நோயில் உடலின் சளியும் சுரப்புகளும் கெட்டியாகின்றன. நுரையீரலில் அடைத்துக்கொண்டால் இருமலும் தொற்றும் வரும். கணையத்தின் குழாய்களை அடைத்தால், செரிமான நொதிகள் குடலுக்குப் போகாது. உண்ட நெய்யும் எண்ணெயும் செரிக்காமல் மலத்தோடு போய்விடும். ஒரு பக்கம் உண்டது உடம்பில் ஒட்டுவதில்லை. மறு பக்கம் இருமலும் காய்ச்சலும் இருப்பதையும் எரிக்கின்றன. அதனால் இந்தப் பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகளைவிட ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்கு உணவுச் சக்தி தேவைப்படலாம்.

கணக்காகப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு வழக்கமாக 1,800 கலோரி போதும் என்றால், இந்த நோயுள்ள பிள்ளைக்கு 2,700 வேண்டியிருக்கும். பசியே இல்லாமல், இருமிக்கொண்டே இருக்கும் பிள்ளை அந்த 900 கலோரியைக் கூடுதலாக எப்படி உண்ணும்? இது தாயின் குறையும் அல்ல, பிள்ளையின் பிடிவாதமும் அல்ல.

2. குழாய்க்கு முன் பார்க்க வேண்டியவை

எடை ஏறவில்லை என்றதும் குழாய்க்குப் போய்விடக் கூடாது. மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

- நொதி மாத்திரையின் அளவு எடைக்கும் உணவிலுள்ள கொழுப்புக்கும் ஏற்றதா? ஒவ்வொரு உணவோடும் தரப்படுகிறதா?
- நோயோடு சேர்ந்து வரும் சர்க்கரை நோய் உண்டா? 10 வயது முதல் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும்.
- மலச்சிக்கல், எதுக்களிப்பு, அடங்காத நுரையீரல் தொற்று ஏதும் இருக்கிறதா?
- பிள்ளையின் மனம் சோர்ந்திருக்கிறதா?
- உணவில் நெய், முட்டை, வேர்க்கடலை, பால் போன்றவற்றைக் கூட்டிப் பார்த்தாயிற்றா?

இவையெல்லாம் செய்தும் பிள்ளை வளரவில்லை என்றால், அப்போது குழாயைப் பற்றிப் பேசுவது சரியானதே.

3. குழாய் என்பது என்ன?

இரண்டு வகை உண்டு. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாய் சில வாரங்களுக்கு உதவும். பலமாக இருமினால் அது இடம் மாறலாம். ஒவ்வொரு முறையும் அது வயிற்றில்தான் இருக்கிறதா என்று சோதித்த பிறகே உணவு விட வேண்டும்.

நெடுநாள் தேவைக்கு வயிற்றின் மேல்தோலிலிருந்து நேராக இரைப்பைக்குள் சிறு துளை வழியாகக் குழாய் வைப்பார்கள். வயிற்றைக் கிழிக்காமல் எண்டோஸ்கோப் மூலம் இதைச் செய்யும் முறை 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் முதலில் ஒரு குழந்தைக்குச் செய்யப்பட்டது. புண் நன்றாக ஆறிய பிறகு, நீளக் குழாய்க்குப் பதிலாகச் சட்டைக்குள் மறையும் "பட்டன்" வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்குப் போகலாம், ஓடி விளையாடலாம், குளிக்கலாம்.

குழாய் வைத்தால் வாயால் சாப்பிட முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பகலில் பிள்ளை எல்லோரோடும் உட்கார்ந்து பிரியாணியும் சாப்பிடும், நோன்புக் கஞ்சியும் குடிக்கும். பற்றாக்குறையான பங்கு மட்டும் இரவில் உறங்கும்போது மெதுவாக இறங்கும். மேலே சொன்ன 900 கலோரியை எட்டு மணி நேரத்தில் கொடுத்துவிடலாம். இரவு உணவுக்கும் நொதி தேவை. அதை எப்போது, எவ்வளவு கொடுப்பது என்று மருத்துவர் சொல்வார்.

தேவை தீர்ந்தால் குழாயை எடுத்துவிடலாம். துளை பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும்.

4. ஏன் தள்ளிப்போடக் கூடாது?

நம்மில் பலர் இதைக் கடைசி வழி என்று எண்ணி, எலும்பும் தோலுமான பிறகு ஒப்புக்கொள்கிறார்கள். அங்கேதான் ஆபத்து. குழாய் வைக்க மயக்க மருந்து தர வேண்டும். நுரையீரல் தளர்ந்த பிறகு மயக்க மருந்து கொடுப்பது கடினம், புண் ஆறுவதும் தாமதம். உடம்பில் சத்து இருந்தால்தான் நுரையீரலும் தொற்றை எதிர்த்து நிற்கும். முடியாது என்று சொல்வதானாலும் யோசித்து, காலத்தோடு சொல்லுங்கள்.

"புது மாத்திரை வந்திருக்கிறதாமே?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். மூன்று மருந்துகள் சேர்ந்த மாத்திரைக்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதை எடுத்தவர்களில் பலருக்கு எடையும் கூடியது. ஆனால் அது எல்லா வகை மரபணுப் பழுதுக்கும் வேலை செய்யாது. விலையோ மிக அதிகம். மரபணுச் சோதனை செய்து, நம் பிள்ளைக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். அது வரும் வரை பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள்.

5. நம் வீட்டில் நடக்குமா?

மன்னார்புரத்திலிருந்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போய்வர ஒரு முழு நாள் வேண்டும். எனவே ஒப்புக்கொள்ளும் முன் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்:

- நள்ளிரவில் குழாய் கழன்றால் திருச்சியில் யார் மாற்றுவார்கள்? துளை சில மணி நேரத்திலேயே சுருங்கிவிடும். குழாய் வைத்த முதல் வாரங்களில் கழன்றால் வீட்டில் திரும்பச் செருகவே கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.
- சத்துமாவுக்கு மாதம் எவ்வளவு ஆகும்? வீட்டு உணவை அரைத்து விடலாமா? உணவியல் நிபுணரின் அளவுப்படியே அதைச் செய்ய வேண்டும்.
- கரைத்த உணவை நான்கு மணி நேரத்துக்கு மேல் தொங்கவிடக் கூடாது. நம் ஊர் வெயிலில் கெட்டுவிடும். இரவில் எழுந்து மாற்றுவது யார்? தாய் மட்டும்தானா?
- வியர்வையில் உப்பு அதிகம் போகும் நோய் இது. கோடையில் உணவோடு எவ்வளவு உப்புச் சேர்ப்பது?
- மருத்துவக் காப்பீட்டில் எந்தச் செலவு அடங்கும்?

துளையைச் சுற்றிப் புண், கசிவு, சதை வளர்தல், வாந்தி ஆகியவை வரலாம். பெரும்பாலும் சரிசெய்யக் கூடியவைதான். இருந்தாலும் முன்பே அறிந்திருப்பது நல்லது.

6. மார்க்கம் சார்ந்த கேள்விகள்

நொதி மாத்திரைகள் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகின்றன. இதை அறிந்து, மனம் கலங்கி நிறுத்திவிடும் பெற்றோர் உண்டு. தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். உயிர் காக்க வேறு வழியில்லாத நிர்ப்பந்தத்துக்கு மார்க்கம் இடம் தந்திருக்கிறது. மருத்துவரின் விளக்கத்தை எழுதி வாங்கி, ஆலிமிடம் காட்டித் தெளிவு பெறுங்கள்.

பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமை இல்லை. பருவமடைந்தவருக்கும் நோயாளி என்ற சலுகை உண்டு. நீர், உப்பு இழப்பு ஆபத்தானது என்பதால் மருத்துவரைக் கேட்காமல் நோன்பு வைக்க வேண்டாம். களாவா, ஃபித்யாவா என்பதை ஆலிம் சொல்வார்.

7. பிள்ளையிடம் கேட்டீர்களா?

மஷூராவில் அத்தா, அம்மா, நன்னி, மாமா எல்லோரும் பேசுவார்கள். உடம்பு யாருடையதோ அந்தப் பிள்ளை மூலையில் உட்கார்ந்திருக்கும். விவரம் தெரிந்த பிள்ளையானால் அதனிடமே கேளுங்கள். "பள்ளியில் கேலி செய்வார்களா?", "வலிக்குமா?" என்ற அச்சங்களை வெளியே விடுங்கள். பொம்மையில் குழாயை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே வைத்துக்கொண்ட ஒரு பிள்ளையோடு பேச முடியுமா என்று மருத்துவமனையில் விசாரியுங்கள்.

ஒரு வாய் சோற்றுக்காக நாள்தோறும் மூன்று வேளையும் கெஞ்சலும் அழுகையுமாக இருக்கும் வீட்டில், குழாய் ஒரு விடுதலையாகவும் அமையலாம். கணக்கை இரவுக் குழாய் பார்த்துக்கொள்ளும். பகலில் அம்மா ஊட்டுவது மறுபடியும் பாசத்துக்காக மட்டும் இருக்கும்.

கலந்து பேச:

1. நம் பிள்ளையின் எடை, உயரம் கடந்த ஆறு மாதத்தில் எப்படி இருக்கிறது? குறித்து வைத்திருக்கிறோமா?
2. குழாய் வேண்டாம் என்று நாம் சொல்வது பிள்ளையின் நலனுக்காகவா, ஊர்ப் பேச்சுக்கு அஞ்சியா?
3. இந்த நோயுள்ள பிள்ளை பக்கத்து வீட்டில் இருந்தால், "ஏன் மெலிந்திருக்கிறான்?" என்று கேட்பதற்குப் பதிலாக நாம் செய்யக்கூடிய உதவி எது?

மருத்துவரிடம் கேளுங்கள், மஷூரா செய்யுங்கள், இஸ்திகாரா தொழுங்கள். பிறகு எடுக்கும் முடிவில் உறுதியாக இருங்கள். நோயுற்ற பிள்ளைகளுக்கு அல்லாஹ் பூரண சுகத்தையும், பெற்றோருக்குப் பொறுமையையும் தருவானாக. ஆமீன்.