மீனுக்கு முன் தண்ணீர்: புதுத் தொட்டி பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் தொட்டி, கல், மோட்டார், மீன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்கிக்கொண்டு திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் பஸ் ஏறுபவர்கள் நிறைய. பத்துப் பதினைந்து நாளில் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கும்போது கைராசி இல்லை என்று மனசு ஒடிந்துவிடுகிறார்கள். கைராசிக்கு இதில் வேலையே இல்லை. தண்ணீரைப் புரிந்துகொண்டால் பாதிக்கு மேல் சாவுகளைத் தடுத்துவிடலாம்.

நம்பிக்கை 1: மீன் செத்தால், வீட்டுக்கு வரவிருந்த கஷ்டத்தை அது வாங்கிக்கொண்டது.

உண்மை: வாஸ்து மீன் என்று அரவானா, ஃப்ளவர்ஹார்ன் வாங்கும் வீடுகளில் இந்தப் பேச்சு அதிகம். ஆறுதலுக்குச் சொல்வதுதான். ஆனால் அத்தோடு விஷயம் முடிந்துவிடுவதால், மீன் ஏன் செத்தது என்று யாரும் பார்ப்பதில்லை. அதே தண்ணீரில் அடுத்த மீனை விடுகிறோம். புதுத் தொட்டியில் முதல் எதிரி அம்மோனியா. மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும், தின்னாமல் அடியில் தங்கும் தீனியிலிருந்தும் அது வருகிறது. மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா? செவுள் சிவந்து, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறதா? தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தாலும் உடனே கால் பங்கு மாற்றுங்கள்.

நம்பிக்கை 2: இரண்டு நாள் மோட்டார் ஓடினால் தொட்டி தயார்.

உண்மை: இரண்டு நாளில் குளோரின் போகலாம். குளோரமின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் அதுவும் போகாது. ஆன்டி குளோரின் சொட்டுகள் தேவை. தொட்டி தயாராவது வேறு கணக்கு. ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை, அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட் ஆக்குகிறது. இந்த இரண்டும் ஃபில்டரில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். மீன் விடாமல் ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகைத் தீனி போட்டு வாருங்கள். தெரிந்தவர் வீட்டில் நன்றாக ஓடும் தொட்டியின் பழைய ஸ்பாஞ்சு கிடைத்தால் நாட்கள் குறையும். டெஸ்ட் கிட்டில் முதலில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறும். பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கும். அதன் பிறகு மூன்று நான்கு சின்ன மீன்களோடு தொடங்கலாம்.

நம்பிக்கை 3: போர் தண்ணீர் ஆகாது, கேன் தண்ணீர்தான் நல்லது.

உண்மை: மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் புகுந்தது பல காலத்துப் பிரச்சினை. பக்கெட் விளிம்பில் வெள்ளையாகப் படியும் உப்பைப் பார்த்துப் பலர் ஆர்.ஓ. கேனுக்குப் போகிறார்கள். ஆனால் ஆர்.ஓ. தண்ணீரில் தாதுக்கள் ஏறக்குறைய இல்லை. அமிலத்தைத் தாங்கும் சத்தும் இல்லாததால் பி.எச். திடீரென்று சரியும். மீனும் தாங்காது, பாக்டீரியாவும் தாங்காது. போர் தண்ணீரில் இருக்கும் ஆபத்து வேறு: பி.எச். 7-லிருந்து 8-க்குப் போனால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய 10 மடங்காகும். அதனால் இங்கே அவசரப்படவே கூடாது. கடினத் தண்ணீர் என்றால் மோலி, கப்பி, பிளாட்டி வாங்குங்கள். அவை அதில் நன்றாக வாழும். டிஸ்கஸ், நியான் டெட்ராதான் வேண்டும் என்றால் ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து மென்மையாக்குங்கள். தொழிற்சாலைக்கு அருகில் உள்ள போரில் வாடையோ நிறமோ தெரிந்தால், ஆய்வகத்தில் சோதிக்காமல் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

நம்பிக்கை 4: வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினால்தான் சுத்தம்.

உண்மை: ஸ்பாஞ்சில் வழவழவென்று ஒட்டியிருக்கும் பழுப்புப் படலத்தில்தான் அந்த பாக்டீரியா வாழ்கிறது. குளோரின் தண்ணீரில் அதை அலசினால் 6 வார உழைப்பு போய்விடும். வாரம் கால் பங்கு தண்ணீரை பக்கெட்டில் எடுங்கள். ஸ்பாஞ்சை அந்தத் தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து திரும்ப மாட்டுங்கள்.

நம்பிக்கை 5: புதிதாக வளர்ப்பவருக்குச் சின்னக் கிண்ணம் போதும்.

உண்மை: தண்ணீர் குறையக் குறைய அழுக்கும் சூடும் வேகமாக ஏறும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி சுமார் 56 லிட்டர் பிடிக்கும். அதிலிருந்து தொடங்குவதுதான் சுலபம்.

நம்பிக்கை 6: சக்கர் மீன் தொட்டியைத் துப்புரவு செய்யும், பெரிதானால் ஏரியில் விட்டுவிடலாம்.

உண்மை: அது பாசியை மேயும், ஆனால் தானும் ஏராளமாகக் கழிவு போடும். கடையில் இரண்டு அங்குலம், வளர்ந்தால் ஓர் அடிக்கு மேல். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் காற்றையும் சுவாசிக்கும், கரையில் வளை தோண்டி முட்டையிடும். பூண்டி, புழல், சோழவரம், 2020-இல் திறந்த கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை என்று சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒரு சக்கரைக்கூட விடாதீர்கள். கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.

மேற்கொண்டு சந்தேகம் இருந்தால், நம் பொன்னேரியிலேயே டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அங்கே விசாரித்துப் பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளிடம் டெஸ்ட் கிட்டைக் கொடுத்து, தினமும் அளவை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தொட்டியை இந்த ஞாயிறு வாங்குங்கள். மீனை அடுத்த மாதம் வாங்குங்கள்.