தரைவண்டும் பருந்து விட்டிலும்

பூச்சிகளுள் வலியது எது என்று வினவின், நெடுந்தூரம் பறக்க வல்லதே என்பர் பலர். அவ்விடை பொருந்துமா என்பதை ஐரோப்பாவிலுள்ள இரண்டு பூச்சிகளை ஒப்புநோக்கி ஆராய்வோம்.

ஒன்று நீலத் தரைவண்டு. மற்றொன்று மண்டையோட்டுப் பருந்து விட்டில். இரண்டும் முட்டை, புழு, கூட்டுப்புழு, நிறைபூச்சி என்னும் நான்கு நிலைகளைக் கடப்பன. இரண்டும் இரவில் உலாவுவன. ஒற்றுமை இவ்வளவே.

தரைவண்டு ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளமுடையது. இங்கிலாந்தில் டெவன், கார்ன்வால் பகுதிகளிலுள்ள தொன்மையான ஓக், பீச் மரக்காடுகளில் வாழ்வது. இதன் முன்னிறகுகள் கடினமான மூடிகளாக அமைந்துள்ளன; இது பறப்பதில்லை. இரவில் ஈரம்படிந்த அடிமரங்களில் ஏறி, ஓடற்ற நத்தைகளை வேட்டையாடும். இரையின்மேல் செரிமான நீரை உமிழ்ந்து, உடல் குழம்பான பின்னரே உறிஞ்சும். குளிர்காலத்தை மரப்பட்டையின் அடியில் கழிக்கும்.

விட்டிலோ விரிந்த இறகுகளோடு 12 சென்டிமீட்டருக்கு மேலும் அகன்றிருப்பது. முதுகில் மண்டையோடு போன்ற குறியுடையது. தேன்கூட்டில் புகுந்து தேனைக் கவரும். தேனீக்களின் மணத்தை ஒத்த மணம் பூண்டிருத்தல் இதற்குக் காப்பாகும். 2022-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்றில், இவ்விட்டில்களின் உடலில் நுண்ணிய வானொலிக் கருவியைப் பொருத்தி, அறிஞர்கள் சிறு விமானத்தில் ஆல்ப்ஸ் மலைவழியே பின்தொடர்ந்தனர். 80 கிலோமீட்டர் தொலைவளவும் இவை காற்றுக்கேற்பப் பறக்கும் முறையை மாற்றி, நேர்வழி பிறழாது சென்றமை புலனாயிற்று.

எனின் விட்டிலே வலியதோ? அன்று. தெற்கிலிருந்து இங்கிலாந்தை அடையும் இது அந்நாட்டுக் குளிரைத் தாங்குவது அரிது. ஆண்டுதோறும் புதியன வந்தாலன்றி அங்கே இதனைக் காணல் இயலாது. அக்குளிரை வண்டு இருந்த இடத்திலேயே வெல்கின்றது. ஆயினும் அவ்விடமே அதற்கு இன்றியமையாதது. காட்டைத் துண்டாடி இடையே வயலும் சாலையும் அமைப்பின், விட்டில் அவற்றை நொடியில் கடக்கும். வண்டுக்கோ அவை கடலாகும். ஒரு துண்டில் அவ்வினம் அழியின், மற்றொன்றிலிருந்து வந்து குடியேறுதல் மிக அரிது.

புதிய மரங்களை நட்டால் போதாதோ எனின், பாசியும் பட்டையும் மட்கிய மரமும் செறிந்த முதுகாடு சில ஆண்டுகளில் உருவாவதன்று. ஆகவே ஓர் உயிரின் வலிமையை அதன் வாழிடத்தினின்று பிரித்து அளத்தல் கூடாது. பறந்து தப்ப இயலாத உயிர்க்கு, நிற்கும் காட்டை நிற்கவிடுதலே நாம் செய்யத்தக்க முதல் உதவியாம்.