விலங்கு பூட்டிய பிறகும் முதுகில் முழங்கால் எதற்கு?

கேள்வி: முரண்டு பிடிக்கும் கைதியைக் குப்புறக் கிடத்தி அழுத்துவது ஆபத்து என்கிறார்கள். அடிக்க வருபவரை வேறு எப்படித்தான் அடக்குவது?

பதில்: குப்புறத் தள்ளி விலங்கு பூட்டுவதைத் தவிர்க்க முடியாத வேளைகள் உண்டு. ஆனால் பெரிய ஆபத்து அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. திமிறிக் களைத்தவரின் ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கும். அதைச் சரிக்கட்ட உடல் வேகவேகமாக மூச்சு வாங்கியாக வேண்டும். முதுகில் எடை இருந்தால் மார்பும் வயிறும் விரியாது, இதயமே நின்றுவிடலாம். காற்றுக்காகத் துடிப்பதை எதிர்ப்பு என்று எண்ணிக் காவலர் மேலும் அழுத்துவதுதான் இதில் ஆகக் கொடுமை. விலங்கிட்டவுடன் குப்புறக் கிடப்பவரைத் திருப்பிவிட வேண்டும் என்று அமெரிக்க நீதி அமைச்சகத்தின் வெளியீடு 1995-லேயே எச்சரித்தது. 2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸில், ஏற்கெனவே விலங்கிடப்பட்ட ஜார்ஜ் ஃப்ளாய்டின் மேல் 9 நிமிடம் 29 நொடி ஒரு காவலரின் முழங்கால் இருந்தது; அவர் இறந்தார். ஒருக்களித்துப் படுக்க வைக்கலாமா என்று உடனிருந்த காவலர் ஒருவர் கேட்டும் பயனில்லை.

‘பேச முடிகிறதே, மூச்சு விட முடியாதா?’ என்பார்கள். பேச்சுக்குச் சிறிதளவு காற்று போதும்; உயிர் வாழ அது போதாது. அழுத்தப்பட்டவர் இறந்தால் ‘வெறியேறிய பித்தநிலையே (excited delirium) சாவுக்குக் காரணம்’ என்ற வாதத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட தன் 2009 அறிக்கையை அமெரிக்க அவசர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம் 2023-ல் விலக்கிக்கொண்டது. காவலரின் பாதுகாப்பும் முக்கியம்தான். விலங்கிட்டவரை ஒருக்களிக்கவோ உட்காரவோ வைப்பதால் அது குறைவதில்லை. பலர் சேர்ந்து பிடிக்கும்போது, கைதியின் முகத்தையும் மூச்சையும் மட்டுமே கவனிக்க ஒரு காவலரை நிறுத்த வேண்டும். ‘விடு’ என்று அந்தக் காவலர் சொன்னால் மேலதிகாரியும் கையை எடுக்க வேண்டும்.