லேப்டாப்புக்கு டைப்-சி சார்ஜர் வாங்குவது எப்படி?

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சார்ஜர் சட்டம் செல்போன்களுக்கு 2024 டிசம்பர் 28 முதலும், லேப்டாப்களுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் பொருந்துகிறது. 100 வாட் வரை வயரில் சார்ஜ் ஆகும் கருவிகளுக்கு டைப்-சி போர்ட் கட்டாயம். போர்ட் ஒன்றாகிவிட்டதே, எந்தச் சார்ஜரும் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். செல்போன் சார்ஜர் லேப்டாப்பில் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் வேலை பார்க்கப் பார்க்க பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும்.

முதலில் லேப்டாப்போடு வந்த அடாப்டரைத் திருப்பி, பொடி எழுத்தில் ‘அவுட்புட்’ என்ற வரியைத் தேடுங்கள். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றிருந்தால், இரண்டையும் பெருக்க 65 வாட். அதுதான் உங்கள் தேவை. ஊசிமுனை அடாப்டரோடு வந்த பழைய மாடல் என்றால், அதன் டைப்-சி போர்ட் சார்ஜ் ஏற்குமா என்பதைக் கையேட்டில் பார்த்துவிடுங்கள். சில போர்ட்டுகள் டேட்டாவுக்கு மட்டும்தான்.

கடையில் பெட்டி மேலிருக்கும் பெரிய எண்ணை விட்டுவிட்டு, சார்ஜரிலும் அதே பொடி எழுத்தைப் படியுங்கள். 20 வோல்ட் வரி இருக்க வேண்டும். இரண்டு மூன்று போர்ட் உள்ள சார்ஜரில் 65 வாட் என்பது பெரும்பாலும் மொத்தக் கணக்கு. பக்கத்தில் செல்போனைச் செருகினால் லேப்டாப்பின் பங்கு குறைந்துவிடும். தேவைக்கு மேல் வாட் உள்ள சார்ஜர் லேப்டாப்பைக் கெடுத்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. நல்ல பவர் டெலிவரி (பிடி) சார்ஜர் லேப்டாப் கேட்கும் அளவைத்தான் தரும்; 45 வாட் லேப்டாப்புக்கு 100 வாட் சார்ஜரைத் தாராளமாகப் போடலாம்.

பலர் கோட்டைவிடுவது கேபிளில். சாதாரண சி-டு-சி கேபிள் தாங்குவது 3 ஆம்பியர். 20 வோல்ட்டில் அது 60 வாட்தான். அதற்கு மேல் வேண்டுமானால் உள்ளே சிப் வைத்த 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். சார்ஜர் அந்தச் சிப்பிடம் விசாரித்துவிட்டுத்தான் கூடுதல் மின்சாரத்தை விடும். 240 வாட் என்று அச்சிட்ட கேபிளை வாங்குங்கள். குறைந்த வாட் சார்ஜருக்கும் அதுவே போதும்.

கேமிங் லேப்டாப் பல 100 வாட்டைத் தாண்டுபவை. அவற்றின் சொந்த அடாப்டரைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இந்தியாவில் அடாப்டருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பதிவு கட்டாயம். முத்திரையின் கீழுள்ள ‘ஆர்’ எண்ணை, பணம் கொடுக்கும் முன்பே பிஐஎஸ் கேர் செயலியில் சரிபாருங்கள். எண் பொருந்தாவிட்டால், எவ்வளவு மலிவானாலும் வாங்க வேண்டாம்.

வீட்டில் செருகியதும் ‘மெதுவான சார்ஜர்’ என்று விண்டோஸ் எச்சரித்தால், சார்ஜரைத் திருப்பிக் கொடுக்கும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.